மஞ்சள் பையில் ஏழு போன்கள்

எனக்கு அருவியில் குளிக்கப் பிடிக்காது, மேடம். தென்காசிக்காரன் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்தால் பெண் கொடுக்கக்கூட யோசிப்பார்கள். சாரல் பிடித்துவிட்டால் சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் பஸ் ஏறி வந்து தலையைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். நான் குற்றாலத்துக்கு ஐந்து கிலோமீட்டரில் இருந்துகொண்டு வெந்நீர் போட்டுக் குளிக்கிறேன். பெயர் வேறு கடற்கரை. எங்கள் ஆபீஸில் இதை வைத்து என்னை ஓட்டாத நாள் கிடையாது. "அண்ணே, பேருக்காவது கால நனைங்க" என்பான் ரிஃபாத். நானும் சிரித்துக்கொள்வேன். கிண்டல் பண்ண ஆள் இருக்கிற இடத்தில் வேலை பார்ப்பது ஒரு கொடுப்பினை.

குளிக்காததால்தான் அந்தப் பை என்னிடம் வந்தது. நீங்கள் பையைப் பற்றித்தான் முதலில் கேட்டீர்கள், அதனால் அங்கிருந்தே தொடங்கினேன். அய்யாத்துரை அண்ணாச்சி செத்ததற்கும், அந்தச் சாவு ஷாரோன் தலையில் விழுந்ததற்கும் காரணம் ஒன்றுதான். அதை ஒளிக்காமல் சொல்கிறேன். எழுதுகிற ஏட்டய்யாவுக்குக் கை வலித்தால் சொல்லட்டும், நிறுத்திக்கொள்கிறேன். டீ நன்றாக இருக்கிறது. ஸ்டேஷன் டீ என்றதும் பயந்துகொண்டேதான் வாங்கினேன்.

எங்கள் கம்பெனி குத்துக்கல்வலசையில் ஓர் உரக்கடையின் மாடியில் இருக்கிறது. மொத்தம் எட்டுப் பேர். முதலாளி முத்துராமலிங்கம் அண்ணாச்சி பெங்களூரில் பதினைந்து வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஊருக்குத் திரும்பியவர். தனியாக இருக்கிற வயசானவர்களுக்காக ஒரு பெட்டி செய்தோம். பிள்ளைகள் பட்டாளத்தில் இருப்பார்கள், போலீஸில் இருப்பார்கள், துபாயில் இருப்பார்கள். அப்பாவோ அம்மாவோ இங்கே தனியாக. கட்டிலுக்குப் பக்கத்தில் சுவரில் பெட்டியை மாட்டிவிடுவோம். சிவப்புப் பட்டனை அழுத்தினால் எங்களுக்குச் செய்தி வரும், பெட்டி வழியாகவே பேசலாம், நாங்கள் நர்ஸையோ ஆம்புலன்ஸையோ அனுப்புவோம். ஆய்க்குடி, புளியங்குடி, செங்கோட்டை என்று நூற்று அறுபது வீடுகளில் இருக்கிறது. நல்ல காரியம்தான். இப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

சாப்ட்வேர் என்றால் ஏதோ ஒரே பிண்டம் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை, பல பாகங்கள். பட்டனைக் கேட்கிற பாகம் ஒன்று. அது யார் வீடு, அவருக்கு என்ன வியாதி என்று சொல்கிற பாகம் ஒன்று. இன்றைக்கு யார் டூட்டி என்று பார்க்கிற பாகம், போன் போடுகிற பாகம், இப்படிப் பதினாலு. இவற்றுக்கு நடுவே செய்தியைக் கொண்டுபோய்க் கொடுக்கிற பாகத்தை நான் எழுதினேன். 'தபால்' என்று பெயர் வைத்தேன். சின்னதுதான், நானூறு வரிகூட வராது.

கல்யாண வீட்டில் ஒரு மாமா இருப்பார், பார்த்திருப்பீர்கள். பந்தி எப்போது போடலாம், மேளக்காரருக்குக் காபி போயாச்சா, மாப்பிள்ளை வண்டி எங்கே வருகிறது, எல்லாவற்றுக்கும் அவரைத்தான் கேட்பார்கள். சமையல்காரருக்கு மேளக்காரரைத் தெரியாது, மேளக்காரருக்கு வண்டிக்காரரைத் தெரியாது, எல்லோருக்கும் மாமாவைத் தெரியும். தபால் அந்த மாமா. ஒரு பாகம் இன்னொன்றை நம்பி நிற்பதை எங்கள் தொழிலில் டிபென்டன்சி என்போம். பதினாலு பாகங்களும் தபாலை நம்பி நின்றன, தபால் என்னை நம்பி நின்றது. அது எங்காவது சிக்கிக்கொண்டால் எடுத்துவிட எனக்கு மட்டும்தான் தெரியும். ஆறு வருஷம் ஒரு நாள் லீவு கிடையாது. என் கல்யாணத்தன்று தாலி கட்டிய கையோடு மண்டபத்து ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். என் மனைவி அனுசியா இன்னும் சொல்லிக்காட்டுவாள். எனக்கு அது சந்தோஷமான நினைவுதான். அந்த மாமா பந்தியில் உட்காரவே மாட்டார், கவனித்திருக்கிறீர்களா? அதில் ஒரு சுகம் இருக்கிறது, மேடம்.

அய்யாத்துரை அண்ணாச்சிக்கு அறுபத்தெட்டு வயசு. புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருந்தவர். வீட்டம்மா தவறிப் போனபிறகு கடையை விட்டுவிட்டார். ஒரே மகள் ஜெயசித்ரா வடக்கே பட்டாள ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்கள் ஆபீஸிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவருக்கு வீடு கட்டிக் கொடுத்திருந்தாள். எங்கள் முதல் பெட்டி அந்த வீட்டுக்குத்தான் போனது. இதயம் பலவீனம், ஆனால் வாய் பலம். வெள்ளிக்கிழமை பதினொரு மணியானால் சிவப்புப் பட்டனை அழுத்திவிடுவார்.

"ஏலே கடற்கரை, உயிரோட இருக்கியா?"

"அத நான்லா உங்ககிட்ட கேக்கணும் அண்ணாச்சி."

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். பட்டன் வேல செய்யுதான்னு பாத்தேன்."

பட்டன் வேலை செய்வது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பிறகு பத்துப் பதினைந்து நிமிஷம் கதை ஓடும். காயைக் கையில் எடுத்த மாத்திரத்தில் எத்தனை சொட்டுச் சாறு என்று சொல்லிவிடுவாராம். லாரிக்காரன் வழியில் எத்தனை இடத்தில் தூங்கினான் என்பதையும் காயின் தோலைப் பார்த்தே சொல்வாராம். பாதி பொய்தான், ஆனால் சுவையான பொய். வைக்கும்போது "ஆத்திர அவசரத்துக்கு நீ இருக்க, எனக்கு அது போதும்லே" என்பார். அதைக் கேட்டுவிட்டு இறங்கிப் போய் ஒரு டீ குடித்தால் அந்த வாரமே நன்றாகப் போகும். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். இதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மற்றதெல்லாம் தப்பாகப் புரியும்.

ஷாரோன் போன வருஷம் சேர்ந்தாள். இருபத்தேழு வயசு, கெட்டிக்காரி. சேர்ந்த இரண்டாம் வாரமே போர்டில் எங்கள் பாகங்களையெல்லாம் வட்டம் வட்டமாக வரைந்து, எது எதை நம்பி நிற்கிறது என்று அம்புக்குறி போட்டாள். அத்தனை அம்பும் ஒரே வட்டத்தில் வந்து குத்தியது.

"அண்ணே, இந்த ஒண்ணு விழுந்தா நூத்தி அறுபது வீடும் விழுந்துரும்லா?"

"விழாதும்மா. நான் இருக்கேன்லா."

"நீங்களே விழுந்துட்டீங்கன்னா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் குத்தலாகக் கேட்கவில்லை, அந்தப் பெண்ணுக்குக் குத்தலாகப் பேசவே வராது.

ஏழு மாதம் வேலை நடந்தது. ஒவ்வொரு பாகத்தையும் அவள் தன் காலில் நிற்க வைத்தாள். ஒன்றின் உள்ளே என்ன இருக்கிறது என்று இன்னொன்றுக்குத் தெரியவேண்டாம், வாசலில் என்ன கேட்கலாம் என்பது மட்டும் தெரிந்தால் போதும் என்றாள். ஒன்று படுத்துக்கொண்டாலும் மற்றது ஓடும். பட்டனுக்கும் புதுச் சட்டம் போட்டாள். சிவப்பு, நிஜ ஆபத்துக்கு. சோதித்துப் பார்க்கத் தனியாக ஒரு பச்சைப் பட்டன். அதை அழுத்தினால் "பெட்டி நன்றாக இருக்கிறது" என்று மெஷின் குரல் சொல்லும். சிவப்பை அழுத்தினால் பெட்டிக்குள் இருக்கிற சிம்மிலிருந்தே எங்கள் ஆட்களில் ஏழு பேருக்கு ஒருவர் பின் ஒருவராகப் போன் போகும், ஆளுக்கு அரை நிமிஷம். யாராவது எடுத்துவிட்டால் அத்தோடு நின்றுவிடும், எடுத்தவர் பொறுப்பு. ஏழு பேருமே எடுக்காவிட்டால் எட்டாவதாக நேரே இசக்கிப்பாண்டியின் ஆம்புலன்ஸுக்கு விலாசத்தோடு போய்விடும். நல்ல ஏற்பாடு. நானே யோசித்திருந்தால் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்திருப்பேன்.

அந்த ஏழு பேரில் நான் இல்லை.

"அண்ணே, ஆறு வருஷமா ஒரு நாள் லீவு எடுக்கல நீங்க. இனிமே அண்ணியக் கூட்டிக்கிட்டு நிம்மதியா எங்கயாவது போயிட்டு வாங்க," என்றாள். மனசாரத்தான் சொன்னாள்.

அய்யாத்துரை அண்ணாச்சியிடம் பச்சைப் பட்டனை விளக்க நானே போனேன். காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "அப்ப வெள்ளிக்கிழம மெசின்கிட்டயால நான் பேசணும்?" என்றார். முகம் சுருங்கிவிட்டது.

ரிலீஸுக்கு, அதாவது புது ஏற்பாட்டை எல்லா வீடுகளுக்கும் ஓடவிடுவதற்கு, முந்தின நாள் கடைசி வேலை ஒன்று பாக்கி இருந்தது. எந்தப் பாகத்தை எத்தனை பாகங்கள் நம்பி நிற்கின்றன என்று எங்கள் திரையில் ஒரு எண் காட்டும். தபாலுக்கு நேரே ஆறு வருஷமாகப் பதினாலு என்று இருந்தது. அன்றைக்கு அது பூஜ்யம். எவரும் நம்பி நிற்காத பாகத்தை வைத்திருக்கக் கூடாது, அழித்துவிடவேண்டும் என்பது தொழில் ஒழுங்கு. எழுதியவன் நான் என்பதால் மரியாதைக்காக என்னிடமே ஒப்புதல் கேட்டு அனுப்பியிருந்தாள். பக்கத்தில் அல்வாப் பொட்டலத்தோடு நின்றாள். நான் 'சரி' என்பதை அழுத்தினேன். எல்லோரும் கைதட்டினார்கள். அல்வா தின்றேன், நல்ல அல்வா, கையில் நெய் ஒட்டியது. பிறகு பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. புது வண்டி வாங்கினால் எலுமிச்சம்பழத்தை நசுக்குகிற மாதிரி, புது ரிலீஸ் போட்டால் எல்லோரும் அருவியில் போய்க் குளிக்கவேண்டும். முத்துராமலிங்கம் அண்ணாச்சி போட்ட சட்டம். காலையில் ரிலீஸ், பத்து மணிக்கு வேன், குளியல், பிறகு கேரள பார்டர் பக்கம் பரோட்டா. அதுவரை பதினொரு ரிலீஸ் அப்படித்தான் நடந்திருந்தது. தண்ணீரில் விழுந்துவிடும், குரங்கு பறித்துவிடும் என்று எல்லோருடைய போனும் ஒரு மஞ்சள் பையில் போகும். முதலாளி தங்கச்சி கல்யாணத் தாம்பூலப் பை, மணமக்கள் பெயர்கூட இன்னும் அழியவில்லை. நான் வேனுக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வீட்டிலிருந்து அம்மாக்கள் கூப்பிட்டால் எடுத்துப் பதில் சொல்லவேண்டும், கேட்டால் போட்டோ எடுத்துக் கொடுக்கவேண்டும். அதற்காக எல்லோருமே அவரவர் போனின் ரகசிய எண்ணை என்னிடம் சொல்லிவைத்திருந்தார்கள். எனக்கு ஏழும் மனப்பாடம்.

அன்றைக்கு நல்ல சாரல். ஐந்தருவியில் ஐந்திலும் தண்ணீர். வேன் முழுக்க ஒரே கும்மாளம், ரிஃபாத் எண்ணெயை முதலாளி தலையிலேயே தேய்த்துவிட்டான். இறங்கும்போது வரிசையாகப் பையில் போனைப் போட்டுக்கொண்டே போனார்கள். ஒன்றை ஒன்று நம்பக் கூடாது என்று ஏழு மாதம் உட்கார்ந்து ஏழு போனைப் பிரித்துவைத்த பிள்ளைகள், அந்த ஏழையும் ஒரே பையில் போட்டார்கள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. ஷாரோன் மட்டும் கடைசியாக நின்று யோசித்தாள்.

"அண்ணே, பெட்டியில இருந்து அடிச்சா எடுத்துருவீங்கல்லா?"

"எடுக்காம?"

அவள் முகம் தெளிந்துவிட்டது. போனைப் போட்டுவிட்டு ஓடினாள்.

பத்து ஐம்பதுக்கு ரிஃபாத்தின் போன் கூவியது. அவன் அதில் சேவல் சத்தம் வைத்திருந்தான். எடுத்துப் பார்த்தேன். அய்யாத்துரை, குத்துக்கல்வலசை, சிவப்பு. அரை நிமிஷம் கூவிவிட்டு நின்றது. அடுத்து முதலாளியின் போன். பிறகு அடுத்தது. மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொன்றாக வெளிச்சம் வந்து, அதிர்ந்து, அணைந்தது. பார்த்தாயா ஷாரோன், ஏழு பேரை நம்பினால் ஒருவரும் இல்லை, ஒருவனை நம்பியிருந்தால் அவன் எடுத்திருப்பானே என்று நினைத்தேன். மனசு லேசாக இருந்தது. பதினைந்து நாளில் முதல்தடவையாக எனக்குப் பசித்தது. ஆறு போன் அப்படி அடித்து ஓய்ந்தது. ஏழாவது ஷாரோனுடையது. அதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

அரைமணி நேரத்துக்கெல்லாம் ஏழு போனிலும் அந்த அழைப்பு வந்த சுவடு இல்லாமல் அழித்துவிட்டேன். லேப்டாப்பைத் திறந்து எங்கள் கம்ப்யூட்டரில் போன் போட்டதற்கான பதிவையும் எடுத்துவிட்டேன். பட்டன் அழுத்திய வரியை மட்டும் விட்டுவைத்தேன். எட்டே வரி வேலை. தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார்கள், பரோட்டா தின்றோம். நான் நாலு தின்றேன். மத்தியானம் குழம்பு கொடுக்கப் போன பக்கத்து வீட்டுப் பிச்சைமணிதான் அண்ணாச்சியைப் பார்த்தார். கட்டிலில் படுத்த வாக்கில் இருந்தாராம்.

விசாரணை அறிக்கையை என்னையே எழுதச் சொன்னார்கள். பட்டன் அழுத்தப்பட்டது, புதிய பாகம் போன் போடத் தவறியது என்று எழுதினேன். ஷாரோன் பெயரை நான் எங்குமே எழுதவில்லை, அந்த நாகரிகம் எனக்கு உண்டு. தேவையும் இருக்கவில்லை.

அவள் ஒன்பது நாள் ஆபீஸே கதியென்று கிடந்தாள். தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க ஆயிரம் தடவைக்குமேல் அந்தச் சிவப்புப் பட்டனை அழுத்திப் பார்த்தாள். கண்ணெல்லாம் வீங்கிப்போய் என்னிடம் வந்தாள்.

"அண்ணே, அடிக்குது. ஒவ்வொரு தடவையும் அடிக்குது. அன்னைக்கு மட்டும் ஏன் அடிக்கல? பையில ஒண்ணுமே அடிக்கலையாண்ணே?"

"இல்லம்மா. சில நேரம் அப்படித்தான். மனசப் போட்டு அலட்டிக்காத."

மோர் வாங்கிக் கொடுத்தேன். குடித்தாள். மறுபடி என்னை அவள் கேட்கவே இல்லை, நம்பிவிட்டாள். பத்தாம் நாள் முதலாளி அவளைக் கூப்பிட்டுப் பேசினார். இப்போது சுரண்டையில் சித்தி வீட்டில் இருக்கிறாளாம். கம்ப்யூட்டர் பக்கமே போவதில்லை, கோழி வளர்க்கிறாள் என்று ரிஃபாத் சொன்னான். ஒரு மனுஷனைக் கொன்றுவிட்டேன் என்று சர்ச்சில் அழுகிறாளாம். பாவமாகத்தான் இருந்தது.

தபாலைத் திரும்பக் கொண்டுவந்தோம். எண் மறுபடி பதினாலு ஆனது, தீபாவளிக்குள் பதினாறு. அதற்கு முன்னால் அவ்வளவு ஏறியதே இல்லை. ஆபீஸில் பழைய கலகலப்பு வந்துவிட்டது. இந்த ஐந்து மாதமும் எனக்கு நன்றாகத்தான் போயிற்று, மேடம்.

ஜெயசித்ரா உங்களிடம் இந்தத் தாளைக் கொண்டுவந்து கொடுத்தது எனக்குத் தெரியாது. பெட்டிக்குள் இருந்த சிம் அவள் பெயரில் இருந்திருக்கிறது. போன் கம்பெனியில் எழுதிக்கொடுத்து, அன்றைக்குப் போன அழைப்புகளின் பட்டியலை வாங்கியிருக்கிறாள். நான் எங்கள் வீட்டைத்தான் கூட்டினேன், போன் கம்பெனியின் வீட்டை யார் கூட்டுவது? ஆறு எண்கள், எடுக்கப்படவில்லை. ஏழாவது எண், ஷாரோனுடையது, எடுக்கப்பட்டது. இருபத்திரண்டு நிமிஷம். நேற்று ஷாரோனைக் கூப்பிட்டு இதைக் காட்டினோம் என்றீர்கள். போன் கடற்கரை அண்ணன் மடியில் இருந்தது என்று மட்டும் சொன்னாளாம். உண்மையைச் சொல்லியிருக்கிறாள்.

அந்த இருபத்திரண்டு நிமிஷத்துக்கு வருகிறேன்.

ஏழாவதையும் அடிக்கவிட்டிருந்தால் எட்டாவதாக இசக்கிப்பாண்டிக்குப் போயிருக்கும். அவன் எடுக்காமல் இருக்கமாட்டான், போனைக் காதோடு தைத்துவைத்தவன் மாதிரிதான் திரிவான். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் வண்டி நிற்கும், ஏழு நிமிஷத்தில் அண்ணாச்சி வாசலில் இருப்பான். அப்படிப் போனால் ஷாரோனின் ஏற்பாடு வேலை செய்துவிட்டது என்று ஆகிவிடும். அழைப்பு அவனுக்குப் போகாமல் நிற்கவேண்டுமென்றால் யாராவது எடுக்கவேண்டும். அதனால் எடுத்தேன்.

"யாரு?" என்றார். குரல் தேய்ந்திருந்தது.

"நான்தான் அண்ணாச்சி, கடற்கரை."

"ஏலே, நீயா. அப்ப சரி. மெசினு பேசிருமோன்னு பயந்துட்டேன். நெஞ்ச அடைக்குதுலே. இடது கை மரத்துப் போச்சு."

வெள்ளிக்கிழமைதானே, வழக்கம்போலப் பட்டனைச் சோதிக்கிறார் என்று நினைத்திருப்பீர்களோ என்று கேட்டீர்கள். நல்ல மனசு உங்களுக்கு. அப்படி நான் நினைக்கவில்லை. அந்தக் குரலைக் கேட்ட எவரும் நினைக்கமாட்டார்கள்.

"வண்டி கெளம்பிட்டு அண்ணாச்சி. அசையாம படுங்க," என்றேன்.

"பிச்சமணிக்கு ஒரு சத்தம் கொடுக்கவா? கதவுக்கு நாலு எட்டுதான்."

"வேண்டாம், எந்திரிக்கக் கூடாது. நான் இருக்கேன்லா."

நெஞ்சு வலிக்கிறவரை நடக்கவிடக் கூடாது என்பது எங்கள் பயிற்சித் தாளில் இருக்கிறது, வேண்டுமானால் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் அப்படியே படுத்துக்கொண்டார். நான் சொன்னால் கேட்பார்.

வண்டி எங்கே என்று இரண்டு தடவை கேட்டார். ரயில்வே கேட்டில் நிற்கிறது, இப்போது திறந்துவிடுவான் என்றேன். "அந்தக் கேட்டுக்காரன் என்னைக்குத்தாம்லே நேரத்துக்குத் திறந்தான்" என்று அந்த வலியிலும் ஒரு கிண்டல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவரும் சிரித்தார். பயப்படாமல் இருக்கட்டும் என்று கமிஷன் கடைக் கதை ஒன்று கேட்டேன். கொச்சியிலிருந்து வந்த வியாபாரி ஒருத்தன் மூட்டைக்குள் கையை விட்டுக் கட்டெறும்பிடம் கடி வாங்கிய கதையைத் தொடங்கினார். மூச்சு வாங்க வாங்க, விட்டு விட்டுச் சொன்னார். என் சொந்தப் போன் சட்டைப் பையில்தான் இருந்தது. அதை எடுத்து இசக்கிப்பாண்டிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பத்தாவது நிமிஷத்தில்கூடச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் எழுதிக்கொடுத்திருக்கிறார் என்றீர்கள். இருக்கலாம். எனக்கும் அது தோன்றாமல் இல்லை. ஆனால் ஒருத்தர் நம்மை நம்பி மனம்விட்டுப் பேசிக்கொண்டிருக்கும்போது அவரை அப்படியே நிறுத்திவைத்துவிட்டு இன்னொருவருக்குப் போன் போட எனக்கு மனசு வரவில்லை.

வியாபாரி கையை உதறிக்கொண்டு ஓடுகிற இடத்தில் கதை நின்றுவிட்டது. அண்ணாச்சி, அண்ணாச்சி என்று கூப்பிட்டேன். உடனே வைத்துவிடவில்லை, இன்னும் இரண்டு நிமிஷம் காதிலேயே வைத்திருந்தேன்.

ஆமாம், மேடம், அவரை நான்தான் சாகவிட்டேன். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஷாரோனின் பாகத்தில் ஒரு குறையும் இல்லை என்றும் எழுதுங்கள், அந்தப் பெண் சீக்கிரம் தேறிக்கொள்வாள். கூடவே கடைசி நிமிஷம்வரை அவருக்குப் பேச்சுத்துணைக்கு நான் இருந்தேன், அவரைத் தனியாக விடவில்லை என்பதையும் மறக்காமல் சேர்த்துவிடுங்கள். ஜெயசித்ரா படித்தால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும்.